டிரைவர் இருக்கிறது, இணைப்பு இல்லை: ஓடிபிசி கேள்வி – பதில்

இந்த முறை டேட்டாபேஸ் டிரைவர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஓடிபிசி என்பது எக்செல் போன்ற புரோகிராம்கள் பலவகை டேட்டாபேஸ்களோடு பேசுவதற்கான பொது முறை. டிரைவர் அதில் அந்தந்த டேட்டாபேஸுக்கான மொழிபெயர்ப்பாளர். டிஎஸ்என் என்பது டிரைவர், சர்வர் முகவரி போன்ற இணைப்பு விவரங்களை ஒரு பெயரில் சேமித்து வைப்பது. கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலக மைஎஸ்க்யூஎல் சர்வரில் உள்ள ஒரு டேபிளை எக்செல்லுக்குள் எடுக்க வேண்டும். டிரைவர் போட்டாயிற்று, சிஸ்டம் டிஎஸ்என் உருவாக்கியாயிற்று. அங்கே ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினால் ‘கனெக்‌ஷன் சக்சஸ்ஃபுல்’ என்று வருகிறது. எக்செல்லில் போனால் ‘டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட் அண்ட் நோ டீஃபால்ட் டிரைவர் ஸ்பெசிஃபைட்’ என்கிறது. மூன்று தடவை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டேன்.

பதில்: நான்காவது தடவை வேண்டாம். உங்கள் டிரைவரில் கோளாறு இல்லை. எக்செல் 32-பிட், நீங்கள் போட்ட டிரைவர் 64-பிட். அல்லது இதற்கு நேர்மாறு.

எக்செல் நேராக டிரைவரிடம் பேசுவதில்லை. விண்டோஸுக்குள் இருக்கும் ‘டிரைவர் மேனேஜர்’ என்ற இடைத்தரகரிடம் டிஎஸ்என் பெயரைச் சொல்கிறது. மேனேஜர் அந்தப் பெயரை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் இடம்) தேடி, அதற்குரிய டிரைவரின் நிரல் உள்ள டிஎல்எல் கோப்பை எக்செல்லின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றுகிறது. 32-பிட் புரோகிராமுக்குள் 64-பிட் டிஎல்எல் ஏறாது. ஆகவே விண்டோஸ் இரண்டு தனித்தனிப் பட்டியல்களை வைத்திருக்கிறது. நீங்கள் டெஸ்ட் செய்தது ஒரு பட்டியலில், எக்செல் தேடுவது இன்னொன்றில்.

முதலில் எக்செல் எந்த வகை என்று பாருங்கள். ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட்’, ‘அபவுட் எக்செல்’ என்று போனால் மேல்வரியின் கடைசியில் 32-பிட் அல்லது 64-பிட் என்று எழுதியிருக்கும். விண்டோஸ் 64-பிட் என்பதால் எக்செல்லும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஃபீஸ் 2019 முதல்தான் இயல்பாகவே 64-பிட் நிறுவப்படுகிறது. அதற்கு முந்தையவற்றில் 32-பிட்தான் அதிகம்.

அடுத்து, டிஎஸ்என் உருவாக்கும் கருவியைச் சரியாகத் திறக்க வேண்டும். இங்கேதான் அனுபவசாலிகளும் தடுக்கி விழுகிறார்கள். 64-பிட் விண்டோஸில் ‘ஓடிபிசிஏடி32’ என்ற பெயரில் இரண்டு கருவிகள் உண்டு. ‘சிஸ்டம்32’ ஃபோல்டரில் இருப்பது 64-பிட் கருவி. ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரில் இருப்பது 32-பிட் கருவி. பெயர்கள் தலைகீழாகத் தெரிந்தாலும் அச்சுப்பிழை இல்லை. பழைய புரோகிராம்கள் உடையாமல் இருப்பதற்காக மைக்ரோசாஃப்ட் அப்படியே விட்டுவைத்த ஏற்பாடு இது. விண்டோஸ் 8 முதல் ஸ்டார்ட் மெனுவில் ‘ஓடிபிசி டேட்டா சோர்சஸ்’ என்று தேடினால் 32-பிட், 64-பிட் என்று பெயருடனேயே இரண்டும் தனித்தனியாக வரும். விண்டோஸ் 7-இல் கண்ட்ரோல் பேனல் வழியாகப் போனால் 64-பிட் கருவி மட்டுமே திறக்கும்.

எக்செல் 32-பிட் என்று தெரிந்தால், மைஎஸ்க்யூஎல் டிரைவரின் 32-பிட் தொகுப்பையும் போடுங்கள். ஏற்கெனவே உள்ள 64-பிட் டிரைவரை நீக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாக இருக்கலாம். பிறகு 32-பிட் கருவியில் ‘சிஸ்டம் டிஎஸ்என்’ தாவலில் ‘ஆட்’ கொடுத்து, பட்டியலில் ‘யூனிகோட் டிரைவர்’ என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள். சர்வர் முகவரி, போர்ட் 3306, பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் கொடுத்தபின் கீழே டேட்டாபேஸ் பெட்டியின் அம்புக்குறியை அழுத்துங்கள். டேட்டாபேஸ் பெயர்கள் அங்கே வரிசையாக வந்தாலே இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். டிஎஸ்என் பெயரை 64-பிட் பக்கம் வைத்த அதே பெயராக வையுங்கள். நாளை எக்செல்லை மாற்றினாலும் கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்காது. பெயர் 32 எழுத்துக்குள் இருக்கட்டும். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சமக்குறி, ஆச்சரியக்குறி எதுவும் அதில் வேண்டாம்.

பிழைச் செய்தியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு குறியீடு இருக்கும். உங்களுக்கு வந்தது ஐஎம்002: பெயரே கிடைக்கவில்லை. ஐஎம்014 வந்தால், பெயர் கிடைத்தது, ஆனால் டிரைவர் வேறு பிட் வகை. யூசர் டிஎஸ்என்னில் (ஒரு பயனர் கணக்குக்கு மட்டும் உரியது) இது அடிக்கடி வரும், ஏனென்றால் அந்தப் பட்டியல் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஐஎம்003 என்றால் டிஎல்எல் கோப்பை ஏற்ற முயன்று தோற்றிருக்கிறது. கூடவே வரும் எண் 193 என்றால் மறுபடியும் பிட் குழப்பம், 126 என்றால் டிஎல்எல் சார்ந்திருக்கும் வேறொரு கோப்பு கணினியில் இல்லை.

குறியீட்டுக்கு அடுத்துள்ள அடைப்புகளையும் படியுங்கள். செய்தியைச் சொன்னவர் யார் என்று அவை காட்டிக்கொடுக்கும். ‘மைக்ரோசாஃப்ட்’, ‘ஓடிபிசி டிரைவர் மேனேஜர்’ என்ற இரண்டோடு நின்றால் பேச்சு இன்னும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகவில்லை. அந்த நிலையில் சர்வரையோ பாஸ்வேர்டையோ ஃபயர்வாலையோ சந்தேகப்படுவது வீண். டிரைவரின் பெயர் வந்தால் மேனேஜர் தன் வேலையை முடித்துவிட்டது. கடைசி அடைப்பில் ‘மைஎஸ்க்யூஎல்டி’ என்று பதிப்பு எண்ணோடு வந்தால் சர்வரே பதில் சொல்லியிருக்கிறது.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போதே பாதியில் நின்று ‘எரர் 1918’ என்கிறது. சிஸ்டம் எரர் கோட் 126 என்றும் இருக்கிறது.

பதில்: மேலே சொன்ன அதே 126தான். மைக்ரோசாஃப்டின் ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ இல்லை, அல்லது தவறான வகை இருக்கிறது. 32-பிட் டிரைவருக்கு ‘எக்ஸ்86’ தொகுப்பு, 64-பிட் டிரைவருக்கு ‘எக்ஸ்64’ தொகுப்பு. விண்டோஸ் 64-பிட் என்பதால் எக்ஸ்64 மட்டும் போட்டுவிட்டு 32-பிட் டிரைவரோடு மல்லுக்கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டையும் போட்டுவிடுங்கள், கெடுதல் இல்லை.

கேள்வி: நான் லாகின் செய்து ஓட்டினால் வேலை செய்யும் புரோகிராம், ‘டாஸ்க் ஷெட்யூலர்’ மூலம் இரவில் ஓடும்போது டிஎஸ்என் கிடைக்கவில்லை என்கிறது. பிட் வகை சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: யூசர் டிஎஸ்என் உருவாக்கியிருப்பீர்கள். அது ரெஜிஸ்ட்ரியில் உங்கள் கணக்குக்கான பகுதியில் மட்டும் இருக்கும். இரவு வேலை வேறு கணக்கில் ஓடினால் அதன் கண்ணில் படாது. அதே விவரங்களோடு சிஸ்டம் டிஎஸ்என் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். உருவாக்கியபின் பழைய யூசர் டிஎஸ்என்னை நீக்கிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் யூசர் டிஎஸ்என்தான் முந்தும். சிஸ்டம் டிஎஸ்என்னில் திருத்தியது ஏன் பலிக்கவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

டேட்டாபேஸ் என்பது நெட்வொர்க் டிரைவில் உள்ள ஆக்சஸ் கோப்பாக இருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. நீங்கள் லாகின் செய்தபோது ஒட்டிய ‘இசட்’ போன்ற டிரைவ் எழுத்து, வேறு கணக்கில் ஓடும் வேலைக்குத் தெரியாது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: சர்வர் இன்னொரு கணினியில் இருக்கிறது. சில சமயம் 10060, சில சமயம் 10061, இப்போது 1045. எதை நம்புவது?

பதில்: மூன்றையும் நம்பலாம், மூன்றும் வெவ்வேறு கதவில் நிற்பவை. 10060 என்றால் பதிலே வரவில்லை: முகவரி தவறு, அல்லது நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. 10061 என்றால் அந்த முகவரியில் கணினி இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்பவர் யாரும் இல்லை: சர்வர் புரோகிராம் ஓடவில்லை, போர்ட் எண் வேறு, அல்லது சர்வர் தன் கணினிக்குள் மட்டும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். உபுண்டு, டெபியன் தொகுப்புகளில் மைஎஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பில் ‘பைண்ட்-அட்ரஸ்’ 127.0.0.1 என்று இருப்பது இந்தக் கடைசி வகை. 1045 வந்துவிட்டால் நெட்வொர்க் சரி. இனி பேச்சு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பற்றித்தான்.

1045-இல் ஒரு நுட்பம். மைஎஸ்க்யூஎல்லுக்குப் பயனர் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரோடு அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ (சர்வர் இருக்கும் அதே கணினி) என்று உருவாக்கிய பயனர் வெளியிலிருந்து வந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் நுழைய முடியாது. செய்தியில் அட் குறிக்குப் பிறகு வரும் முகவரிக்கு ஏற்பப் பயனரை உருவாக்கச் சொல்லுங்கள்.

டிரைவரை ஒதுக்கிவைத்துப் போர்ட்டை மட்டும் சோதிக்க, பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ என்று தட்டி, சர்வர் முகவரியும் ‘-போர்ட்’ என்பதற்குப் பின் எண்ணும் கொடுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ வந்தால் வழி திறந்திருக்கிறது. பிங் செய்து பார்ப்பது போதாது. பிங் போகும், போர்ட் அடைபட்டிருக்கும். பிங் தடுக்கப்பட்டிருக்கும், போர்ட் திறந்திருக்கும்.

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். அதில் டிசிபி இணைப்பு ஆரம்பத்திலேயே அணைந்துதான் இருக்கும். ‘எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்’ திறந்து, நெட்வொர்க் பகுதியில் ‘டிசிபி/ஐபி’யை இயக்குங்கள். அதன் ‘ஐபி அட்ரசஸ்’ தாவலின் அடியில் ‘ஐபி ஆல்’ என்ற பகுதி இருக்கும். ‘டைனமிக் போர்ட்ஸ்’ கட்டத்தைக் காலியாக்கி, ‘டிசிபி போர்ட்’ கட்டத்தில் 1433 போட்டு, சர்வீஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். டிஎஸ்என்னில் சர்வர் பெயருக்குப் பின் காற்புள்ளி இட்டு 1433 எழுத வேண்டும். முக்காற்புள்ளி போட்டால் ஏற்காது.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர் 17-இல் நன்றாக ஓடியது 18-க்கு மாற்றியதும் ‘சர்டிஃபிகேட் செயின்... நாட் ட்ரஸ்டட்’ என்று நிற்கிறது. சர்வரில் எதையும் தொடவில்லை.

பதில்: சர்வரைத் தொடத் தேவையில்லை, மாறியது டிரைவரின் இயல்பு. 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் இணைப்பைக் கட்டாயம் மறையாக்கம் செய்கிறது. 17-ஆம் பதிப்பு, நீங்கள் சொன்னால்தான் செய்யும். மறையாக்கம் என்றதும் சர்வரின் சான்றிதழை டிரைவர் சோதிக்கிறது. யாரும் தனியாகச் சான்றிதழ் வைக்காத சர்வர், தனக்குத் தானே எழுதிக்கொண்ட ஒன்றை நீட்டும். அதை நம்ப உங்கள் கணினிக்குக் காரணம் எதுவும் இல்லை.

சரியான வழி, சர்வரில் முறையான சான்றிதழ் ஒன்றை வைப்பது. அப்படி வைத்தபின் டிஎஸ்என்னிலும் சான்றிதழில் உள்ள அதே பெயரைத்தான் சர்வர் பெயராக எழுத வேண்டும். சான்றிதழ் பெயருக்கு இருந்து, நீங்கள் ஐபி எண்ணைக் கொடுத்தால் ‘டார்கெட் பிரின்சிபல் நேம் இஸ் இன்கரெக்ட்’ என்று அடுத்த பிழை வரும்.

உடனடி வழி, டிஎஸ்என் திரைகளில் ‘ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்’ பெட்டியில் டிக் போடுவது. மறையாக்கம் நடக்கும், எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்ற சோதனை மட்டும் நடக்காது. சோதனைக் கணினிக்குச் சரி. சம்பளப் பட்டியலோ நோயாளிகள் விவரமோ உள்ள டேட்டாபேஸுக்கு இதை நிரந்தரமாக வைத்திருப்பது சரியல்ல. ‘என்கிரிப்ட்’ மதிப்பை ‘ஆப்ஷனல்’ ஆக்கினால் 17-இன் பழைய நடத்தை திரும்பிவிடும், அது இன்னும் ஒரு படி கீழே. ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற மதிப்பைப் பார்த்துப் பாதுகாப்பு என்று தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், எஸ்க்யூஎல் சர்வர் 2022-க்கு முந்தையவை அதற்குப் பதில் சொல்லாது.

17-ஐயும் 18-ஐயும் ஒரே கணினியில் வைத்திருக்கலாம். எல்லாப் புரோகிராமும் மாறும்வரை 17-ஐ நீக்க அவசரப்பட வேண்டாம். பதிப்பு எண் டிரைவரின் பெயரிலேயே இருப்பதால், 17 என்று எழுதிய இணைப்பு வரிகள் அதை நீக்கிய கணமே ஐஎம்002 சொல்லும். மைஎஸ்க்யூஎல் டிரைவரிலும் இப்படித்தான்: 8.0 போய் வேறு வரிசை வந்தால் டிரைவரின் பெயரே மாறிவிடுகிறது.

கேள்வி: டேட்டாபேஸில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. எக்செல்லில் எடுத்தால் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. ஃபான்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். கேள்விக்குறி தெரிந்தால் எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது. தொலைத்தது பெரும்பாலும் ‘ஆன்சி’ டிரைவர். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் ஆன்சி, யூனிகோட் என்று இரட்டையாகவே டிரைவர் தருகின்றன. பட்டியலில் ஆன்சி முதலில் நிற்பதால் கை அதன்மேல் போய்விடுகிறது. ஆன்சி டிரைவர் எழுத்துகளை விண்டோஸின் பழைய குறியீட்டுப் பட்டியல் வழியாக அனுப்பும். ஐரோப்பிய மொழிகளுக்கும் ஜப்பானிய மொழிக்கும் அங்கே இடம் உண்டு, தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் ஒருபோதும் இருந்ததில்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி. ஏற்கெனவே உருவாக்கிய டிஎஸ்என்னில் டிரைவரை மட்டும் மாற்ற இயலாது. டிஎஸ்என்னை நீக்கி, யூனிகோட் டிரைவரில் அதே பெயரில் புதிதாக உருவாக்குங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள்: எழுத்து வாசிக்கும்போது தொலைகிறதா, முன்பே எழுதும்போது தொலைந்துவிட்டதா? மைஎஸ்க்யூஎல்லில் ‘ஹெக்ஸ்’ என்ற ஃபங்ஷனுக்குள் பெயர்கள் உள்ள ‘காலம்’, அதாவது டேபிளின் நெடுவரிசை, எதுவோ அதைக் கொடுத்து வினவுங்கள். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் இ0, இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். ‘அ’ என்றால் இ0, ஏஇ, 85. இப்படி மும்மூன்றாக வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, டிரைவரை மாற்றினால் போதும். 3எஃப், 3எஃப், 3எஃப் என்று ஒரே எண் வரிசையாக வந்தால் டேட்டாபேஸிலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது. அதிலிருந்து பெயர்களை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

மறுபடி ஏற்றுமுன் காலத்தின் எழுத்துத் தொகுதி ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று இருக்கட்டும். எஸ்க்யூஎல் சர்வர் என்றால் காலம் ‘என்வார்கேர்’ வகையாக இருக்க வேண்டும்; கட்டளையில் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லின் மேற்கோளுக்கு முன்னால் பெரிய ‘என்’ எழுத்தும் வேண்டும். அந்த ஓரெழுத்தை விட்டால், காலம் சரியாக இருந்தும் கேள்விக்குறியே பதிவாகும்.

கேள்விக்குறிக்குப் பதில் மேலே சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால் மனம் தளர வேண்டாம். மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகப் படித்திருக்கிறது, அவ்வளவே. பைட்டுகள் அப்படியே இருப்பதால் இதை மீட்கலாம். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பழைய பாமினி போன்ற ஃபான்ட்டில் தட்டிய தரவு. அதில் டிரைவருக்குச் சம்பந்தமில்லை, யூனிகோடுக்கு மாற்றும் கருவி வேண்டும்.

கேள்வி: ஆக்சஸ் கோப்பைப் படிக்க 64-பிட் ‘ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின்’ போட வேண்டும். 32-பிட் ஆஃபீஸ் இருப்பதால் முடியாது என்கிறது.

பதில்: ஆக்சஸ் என்ஜின் ஆஃபீஸின் பாகங்களைப் பகிர்ந்துகொள்வதால் இரு வகையும் கலந்து வாழ்வதை மைக்ரோசாஃப்ட் விரும்புவதில்லை. கட்டளை வரியில் இன்ஸ்டாலரின் பெயருக்குப் பின் ‘/கொயட்’ சேர்த்தால் அந்தத் தடை எழும்பாமல் உள்ளே போகும் என்பது பலரும் அறிந்த குறுக்குவழி. போகும். ஆனால் பிறகு ஆஃபீஸ் திறக்கும்போதெல்லாம் தன்னைத்தானே சரிசெய்ய முயலும் தொல்லை வரலாம். உங்கள் புரோகிராமை 32-பிட் ஆக ஓட்ட முடிந்தால் அதுவே நல்லது. ‘எம்டிபி’ கோப்புகளுக்கு மட்டும்தான் என்றால் விண்டோஸோடு வரும் ஜெட் டிரைவரே போதும், அதுவும் 32-பிட் மட்டுமே.

கேள்வி: ஆக்சஸில் மைஎஸ்க்யூஎல் டேபிளை லிங்க் செய்திருக்கிறோம். புது வரியைச் சேர்த்ததும் எல்லாக் கட்டங்களிலும் ‘டெலீட்டட்’ என்று வருகிறது. சர்வரில் பார்த்தால் வரி ஒழுங்காக இருக்கிறது.

பதில்: வரியைச் சேர்த்ததும் ஆக்சஸ் அதைத் திரும்பத் தேடிப் பார்க்கும். தான் அனுப்பிய மதிப்பும் திரும்பி வந்த மதிப்பும் இம்மி பிசகினாலும் ‘யாரோ அழித்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டிவிடும். டேபிளில் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் காலம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேருங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ‘டைம்ஸ்டாம்ப்’ காலம் ஒன்றும் இருக்கட்டும். டிஎஸ்என்னில் ‘டீட்டெய்ல்ஸ்’ பட்டனை அழுத்தி, ‘ரிட்டர்ன் மேட்ச்ட் ரோஸ்’ என்று தொடங்கும் விருப்பத்தை இயக்குங்கள். கீ ‘பிக்இன்ட்’ வகை என்றால் ‘ட்ரீட் பிக்இன்ட் காலம்ஸ் ஆஸ் இன்ட்’ என்பதையும் இயக்குங்கள். மாற்றியபின் பழைய லிங்க்கை அழித்து மறுபடி லிங்க் செய்ய வேண்டும். டேபிளின் அமைப்பையும் இணைப்பு விருப்பங்களையும் லிங்க் செய்த நாளில் படி எடுத்து ஆக்சஸ் தன்னிடமே வைத்திருக்கும். டிஎஸ்என்னில் செய்த மாற்றம் அதற்குத் தானாகப் போய்ச் சேராது.

கேள்வி: லினக்ஸில் ‘ஐஎஸ்க்யூஎல்’ கட்டளை ‘கான்ட் ஓபன் லிப்... ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. கோப்பு அங்கேயே இருக்கிறது!

பதில்: இருக்கும். அந்தச் செய்தி கொஞ்சம் பொய் சொல்லும். கோப்பு இருந்தும் அது சார்ந்த வேறொரு லைப்ரரி இல்லாவிட்டாலும் லினக்ஸின் டிரைவர் மேனேஜரான யூனிக்ஸ்ஓடிபிசி இதையேதான் சொல்லும். ‘எல்டிடி’ கட்டளைக்கு டிரைவர் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும் வரியைப் பாருங்கள். அதில் உள்ள லைப்ரரியை இன்ஸ்டால் செய்தால் முடிந்தது.

டிஎஸ்என் பெயரே கிடைக்கவில்லை என்றால் ‘ஓடிபிசிஇன்ஸ்ட் -ஜே’ என்று தட்டுங்கள். எந்த அமைப்புக் கோப்புகளைப் படிக்கிறது என்று அதுவே சொல்லும். தொகுப்பிலிருந்து போட்டது ‘/இடிசி’யில் தேடும், மூலநிரலிலிருந்து நீங்களே உருவாக்கியது ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி’யில் தேடும். இரண்டும் கணினியில் இருந்து, திருத்துவது ஒன்றை, படிக்கப்படுவது இன்னொன்றை என்பது அடிக்கடி நடப்பது. ‘ஓடிபிசிஇன்ஸ்ட்.ஐஎன்ஐ’ டிரைவர்களின் பட்டியல், ‘ஓடிபிசி.ஐஎன்ஐ’ டிஎஸ்என்களின் பட்டியல். டிஎஸ்என்னில் ‘டிரைவர்’ என்ற வரியில் எழுதும் பெயர், முதல் கோப்பில் சதுர அடைப்புக்குள் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

கேள்வி: இருபது கணினிகளில் ஒரே டிஎஸ்என் வேண்டும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து தட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பவர்ஷெல்லில் ‘ஆட்-ஓடிபிசிடிஎஸ்என்’ என்ற கட்டளை இருக்கிறது. பெயர், டிரைவரின் பெயர், ‘சிஸ்டம்’ என்ற வகை, 32-பிட் அல்லது 64-பிட் என்ற பிளாட்ஃபார்ம், அதன்பின் சர்வர், போர்ட், டேட்டாபேஸ் மதிப்புகள் ஆகியவற்றைக் கொடுத்து, நிர்வாகி உரிமையோடு ஒரே ஸ்கிரிப்டாக எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். டிரைவரின் பெயரை நினைவிலிருந்து எழுதாமல் ‘கெட்-ஓடிபிசிடிரைவர்’ காட்டும் பட்டியலிலிருந்து படி எடுங்கள். நடுவில் ஓர் இடைவெளி பிசகினாலும் ஏற்காது.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் சேர்க்காதீர்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் டிரைவர்கள் டிஎஸ்என்னில் கொடுத்த பாஸ்வேர்டை ரெஜிஸ்ட்ரியில் வெறும் எழுத்தாகவே சேமிக்கின்றன. சிஸ்டம் டிஎஸ்என் என்றால் அந்தக் கணினியில் லாகின் செய்யும் எவரும் வாசிக்கலாம். கேட்காமல் ஓடியே தீர வேண்டும் என்றால், தேவையான டேபிள்களைப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கி அதன் பாஸ்வேர்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: லிப்ரேஆஃபீஸ் பேஸில் ஜேடிபிசி வழியாக இணைக்க முயன்றால் டிரைவர் கிளாஸை ஏற்ற முடியவில்லை என்கிறது. ஓடிபிசி டிரைவர் போட்டிருக்கிறேனே?

பதில்: ஜாவா புரோகிராம்களுக்கான டேட்டாபேஸ் இணைப்பு முறையான ஜேடிபிசி வேறு, ஓடிபிசி வேறு. இரண்டுக்கும் பாலமாக ஜாவாவோடு வந்ததும் ஜாவா 8-இல் நீக்கப்பட்டுவிட்டது. டிரைவரின் ‘ஜார்’ கோப்பை இறக்கி, லிப்ரேஆஃபீஸில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’, ‘கிளாஸ் பாத்’ என்று போய் அதைச் சேருங்கள். பிறகு லிப்ரேஆஃபீஸை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். அல்லது ஜாவாவை விட்டுவிட்டு, ஏற்கெனவே போட்ட ஓடிபிசி டிஎஸ்என்னையே இணைப்பு வகையில் தேர்ந்தெடுங்கள். லிப்ரேஆஃபீஸின் பிட் வகைக்கு ஏற்ற டிரைவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: டிரைவரை நீக்கிவிட்டேன், அதன் டிஎஸ்என் மட்டும் போக மாட்டேன் என்கிறது. ‘செட்டப் ரொட்டீன்ஸ்... குட் நாட் பி ஃபவுண்ட்’ என்று வருகிறது.

பதில்: டிஎஸ்என்னை நீக்கவும் டிரைவரின் உதவி வேண்டும். அதனால் அடுத்த முறை டிஎஸ்என்னை முதலில் நீக்குங்கள், டிரைவரைப் பிறகு. இப்போது இரண்டு வழி. டிரைவரை மறுபடி போட்டு, டிஎஸ்என்னை நீக்கி, டிரைவரை எடுப்பது ஒன்று. ரெஜிஸ்ட்ரியில் கையால் நீக்குவது மற்றொன்று: ‘ஹெச்கீ லோக்கல் மெஷின்’, ‘சாஃப்ட்வேர்’, ‘ஓடிபிசி’, ‘ஓடிபிசி.ஐஎன்ஐ’ என்று போங்கள். 32-பிட் டிஎஸ்என் என்றால் ‘சாஃப்ட்வேர்’ அடியில் ‘வாவ்6432நோட்’ வழியாகப் போக வேண்டும். அங்கே டிஎஸ்என் பெயரில் உள்ள கிளையை நீக்கினால் பாதி வேலைதான் முடிந்தது. அதே இடத்தில் ‘ஓடிபிசி டேட்டா சோர்சஸ்’ என்ற கிளைக்குள் அதே பெயரில் ஒரு வரி இருக்கும், அதையும் நீக்குங்கள். தொடங்குமுன் ‘ஓடிபிசி.ஐஎன்ஐ’ கிளை முழுவதையும் வலது கிளிக்கில் ‘எக்ஸ்போர்ட்’ செய்து வைத்துக்கொள்ளுங்கள்.